தாடிக்கார சாமியும் பத்து மதிப்பெண் விடையும்

அக்கா,

இன்று காலை எங்கள் கல்லூரியில் ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்தார்கள். தின்னர் வாசனை மூக்கில் ஏறியதும், 'மதத்தின் தோற்றம்' என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. தலைவலியா மேடம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் நீங்களும் நானும் ஒரே மேசையில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசிய ஆறு வருடங்களை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

நான் அப்போது அஞ்சல் வழியில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். கையில் பிரஷ், மடியில் நோட்ஸ். பத்து மதிப்பெண் விடைகளை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வேன். நீங்கள் பொம்மைக்குக் கண் வரைந்தபடியே கேட்பீர்கள். "அச்சத்தால் மனிதன் கடவுளைப் படைத்தான்" என்பேன். "ஞாயித்துக்கெழம எங்க மாதா கோயிலுக்கு வந்து பாரு. பயந்தவங்க மாதிரியா பாடறோம்?" என்பீர்கள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

ஒரு வருடம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. நீளத் தாடியும் சிவப்புக் கூம்புத் தொப்பியுமாகக் குள்ள மனிதர்கள். சூளையில் ஒருவருக்குத் தொப்பி நுனி உடைந்துபோனது. ரிஜெக்ட். யாரோ அவரை ஜன்னலில் வைத்தார்கள். நல்லூரிலிருந்து லோடு தூக்க வரும் அம்மா மறுநாள் ஒரு செம்பருத்தி வைத்தார். அந்த வாரமே ஊதுவத்தி வந்தது, தாடிக்கார சாமி என்ற பெயரும் வந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாடப்புத்தகத்தில் ஆயிரக்கணக்கான வருடங்கள் பிடித்த வேலையை நம் கம்பெனி எட்டு நாளில் முடித்துவிட்டது.

ஒருநாள் நீங்களும் அந்த ஜன்னல் முன்னால் நின்றீர்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன உங்கள் மகனிடமிருந்து இருபது நாளாகப் போன் இல்லை. ஏஜென்ட்டும் போனை எடுக்கவில்லை. நீங்கள் சரியாகச் சாப்பிடாதது எனக்குத் தெரியும். இருந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாதா இருக்கும்போது இவரு எதுக்குக்கா?"

"மாதாகிட்டயும் சொல்லியாச்சு. இவரு வெளிநாட்டுக்காரரு. அந்தப் பக்கம் பழக்கம் இருக்கும்ல."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. போனில் படத்தைத் தேடி உங்கள் கண்முன் நீட்டினேன். வெள்ளைக்காரர் வீட்டுப் புல்வெளியில் வரிசையாக அதே குள்ளர்கள். "இது சாமியே இல்லக்கா. தோட்டத்துல வைக்கிற பொம்ம." நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று தெரிந்தேதான் காட்டினேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

போனை வாங்கிப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "தோட்டத்துக்குக் காவலா? அப்ப சரியான ஆளுகிட்டதான் சொல்லியிருக்கேன். எம்புள்ள தோட்ட வேலைக்குத்தான போயிருக்கான்."

மூன்றாம் நாள் அவன் பேசினான். போன் தொலைந்துவிட்டதாம். "மாதாவா, தாடிக்காரரா, யாருக்கா காப்பாத்துனது?" என்று சீண்டினேன். "தெனமும் சாங்காலம் என்கூட பஸ்ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தியே, அதையும் சேத்துக்க" என்றீர்கள். 'உலகமயமாக்கலில் மதத்தின் பங்கு' என்று பரீட்சையில் கேட்டபோது, புத்தகத்தில் இருந்ததைத்தான் எழுதினேன். உங்களைப் பற்றி ஒரு வரி எழுதத் துணிவில்லை.

நீங்கள் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளின் மதியம், மகன் ஊருக்கு விமானம் ஏறியிருந்தான். அவன் வருவதற்குள் போய்விடுவோமோ என்று உங்களுக்குப் பயம். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஒரு ஜெபம் சொல்லுடி."

"எனக்கு எதுவும் தெரியாதுக்கா."

"தெரிஞ்சதச் சொல்லு."

எனக்கு மனப்பாடமாக இருந்தது அந்தப் பத்து மதிப்பெண் விடை ஒன்றுதான். "ஆதி மனிதன் இடிக்கும் மின்னலுக்கும் அஞ்சினான். இறந்தவர்கள் கனவில் வந்ததால் ஆவி உண்டென்று நம்பினான். கூட்டமாகக் கூடி ஆடியபோது, தன்னைவிடப் பெரிய ஒன்றை உணர்ந்தான்." கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஆமென்" என்றீர்கள். கண்ணைத் திறக்காமலே, "நல்லாருக்குது. இன்னொரு தடவ சொல்லு" என்றீர்கள்.

நீங்கள் தூங்கும்வரை சொன்னேன். அன்று இரவு மகன் வந்தபோது உங்களுக்கு நினைவு இருந்தது. அவன் முகத்தைத் தடவிப் பார்த்தீர்கள்.

நான் இன்றும் சாமி கும்பிடுவதில்லை, அக்கா. யாராவது கும்பிட்டுக்கொண்டிருந்தால், முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.