உமது அல்ஃபா தோற்றுவிட்டது

கண்டி,
20.03.2002

ரொறொன்ரோப் பனியில் நடுங்கிக்கொண்டிருக்கும் என் பிரிய டொக்டர் விமலநாதனுக்கு, ஹுஸைன் எழுதிக்கொள்வது.

நானும் ஸுலைஹாவும் சுகம். உமது வீட்டிலும் எல்லோரும் சுகமாயிருக்க துஆக் கேட்கிறோம்.

முதலில் சந்தோஷச் செய்தி. வெள்ளைக்காரத் துரைமார் நாட்டை விட்டுப் போனபோது நாம் ஆளுக்கொன்றாக வாங்கிய இத்தாலிக் கார்களில் எது சிறந்தது என்று முப்பது வருடமாக, நீர் கனடா போன பிறகு தபாலிலும், பிடித்த சண்டை தீர்ந்துவிட்டது. உமது அல்ஃபா ரோமியோ தோற்றது. என் லான்ஸியா வென்றது.

இனி வந்து ஓட்டப்போவதில்லை, அல்ஃபாவை விற்றுவிடும் என்று நீர் எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் உமது சொல்லைத் தட்டாமல், பழைய கார்கள் சேர்க்கும் கொழும்புச் சுந்தரலிங்கத்தை வரவழைத்தேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

போன ஞாயிறு கலகெதர இறக்கத்தில் ஓடவிட்டோம். மழை தூறியது. லான்ஸியாவை முன்சில்லுகள்தானே இழுக்கின்றன, ஈரத்திலும் ஒவ்வொரு வளைவையும் நூல் பிடித்தாற்போல் எடுத்தது. ஐந்து கியர் என்று நீர் மார்தட்டும் அல்ஃபாவோ, திரும்பும் ஏற்றத்தில் இருமி இருமி, ஒரு மாட்டுவண்டிக்கு வழிவிட்டு நின்றுவிட்டது. அதற்குள் சுந்தரலிங்கத்துக்கு ஏழு தும்மல். எண்பத்துமூன்று ஜூலையில், நீரும் பிள்ளைகளும் எங்கள் மேல்மாடியில் இருந்தபோது, கொளுத்த வந்தவர்கள் கண்ணில் படாமல் காரின் உள்ளும் மேலும் கொச்சிக்காய் மூட்டைகளை அடுக்கினோமே, அந்த மிளகாய் நெடி ஆசனத்தை விட்டு இன்னும் போகவில்லை.

அவர் லான்ஸியாவைக் கொண்டுபோய்விட்டார். நான் வென்ற அன்று முதல் இரண்டு நாள் ஸுலைஹா என்னோடு பேசவில்லை.

நமது மெக்கானிக் புசல்லாவை இருளப்பன் அவளிடம் உளறிவிட்டான். ஞாயிறு காலை அல்ஃபாவின் பிளக் வயர் ஒன்றைக் கழற்றிவிடும்படி அவனிடம் சொன்னது நான்தான். நல்லா ஓடுற வண்டிக்கு இப்படிச் செய்யிறது பாவங்க முதலாளி என்று முனகிக்கொண்டேதான் செய்தான். சுந்தரலிங்கம் பொனட்டைத் திறந்து பார்க்கவில்லை. அவருக்குத் தும்மவே நேரம் சரியாக இருந்தது.

என்ன செய்ய, டொக்டர்? அல்ஃபாவும் போய்விட்டால் நீர் எதற்காகக் கண்டிக்கு வருவீர்? லான்ஸியா நின்ற இடத்தைப் பார்க்க எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்வேன்.

இப்போது யுத்த நிறுத்தம். பாலத்தடியில் ஆமிக்காரர் இறக்கிச் சோதிப்பதுமில்லை. வெள்ளிதோறும் ஜும்மா முடிந்ததும் உமது காரில் வாவியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன். வயரை மாட்டியாயிற்று.

எந்தக் கார் உண்மையில் சிறந்தது என்பதற்கு என்னிடம் விடை உண்டு. கடிதத்தில் எழுத மாட்டேன். நீர் வந்து ஸ்டியரிங்கைப் பிடியும். பக்கத்தில் இருந்து, கலகெதர இறக்கத்தில் என் வாயாலேயே சொல்கிறேன். கைக்குட்டை ஒன்று கொண்டுவாரும்.

அல்லாஹ் உமக்கு நீண்ட ஆயுளையும், சீக்கிரமாக ஒரு விமான டிக்கெட்டையும் தரட்டும்.

தோற்க ஆயத்தமாக இருக்கும்,
ஹுஸைன்