தோலுக்கு அடியில் ரத்தம் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

அக்கா மகளின் பண்ணையில் ஒரு வெள்ளாடு போயிற்று. வேலிக்கு வெளியே, புதருக்கடியில், வயிறு திறந்து, ஒரு தொடை காணாமல் கிடந்தது. வனத்துறையின் தலைசிறந்த தடயப் பரிசோதகனாகிய நான் (அந்த வேலைக்கு இங்கே இருப்பது நான் ஒருவன்தான், ஆகவே தலைசிறந்தவன்) அளவுகோலும் கையுமாக எழுந்தருளினேன். வேலியோரம் இருபது பேர். ஆட்டின் கழுத்தில் ஆழமாக நான்கு துளை. இழுத்துக்கொண்டு போன தடம் முப்பது அடி. நகம் பதியாத வட்டமான காலடி ஒன்று, பாதி அழிந்தது. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால், மொத்தக் கூட்டமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் "சிறுத்தை" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள எனக்கு மனம் வருமா? ஆண் சிறுத்தை என்றேன். தொண்ணூறு கிலோ என்றேன். ஒரே தாவலில் இந்த வேலியையும் அடுத்த பண்ணை வேலியையும் சேர்த்துத் தாண்டும் என்றேன். பால்காரர் இரண்டடி பின்னால் போனார்.

தோலை உரித்துப் பார்க்கவில்லை. விதிப்படி பார்க்க வேண்டும். ஆனால் அத்தனை வர்ணனைக்குப் பிறகு கத்தியும் வாளியுமாக உட்காருவது, நாடகம் முடிந்து கதாநாயகனே நாற்காலி அடுக்குவது மாதிரி. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். உரிமையாளர் என்ற இடத்தில் அவளும் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடு போன வருத்தம், பாவம்.

மார்ச் 7, சனி

அதே பண்ணையில் இன்னொரு ஆடு. அதே துளைகள். பால்காரர் சொல்லும் சிறுத்தைக்கு இப்போது நூற்றிருபது கிலோ. நான் திருத்தவில்லை.

மார்ச் 9, திங்கள்

மூன்றாவது.

ரேஞ்சர் கூப்பிட்டனுப்பினார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டோம் என்கிறார்களாம். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் துப்பாக்கிக்காரர் மலை ஏறுகிறார். கண்டதும் சுட உத்தரவு. மூன்றாவது ஆட்டைச் சிறுத்தைக்கு இரையாக வைக்க அலுவலகக் குளிர்பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

"தொண்ணூறு கிலோன்னு நீங்களே எழுதியிருக்கீங்க சார். மனுஷன் மேல பாயுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

எழுதினேனா? வாயால்தானே சொன்னேன்? நகலை வாங்கிப் பார்த்தேன். எழுதியிருக்கிறேன். எண்ணாலும் எழுத்தாலும்.

மார்ச் 11, புதன்

ஓடைப் பக்கம் தனியாகப் போனேன். ஈர மணலில் தடம் அச்சடித்த மாதிரி இருந்தது. மூன்று முறை அளந்தேன். அகலம் ஆறரை சென்டிமீட்டர். பெண். முப்பது கிலோ இருந்தால் அதிகம். அதை ஒட்டியே பாட்டில் மூடி அளவில் சின்னச் சின்னத் தடங்கள், இரண்டு வரிசை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி — விளையாடிக்கொண்டே போயிருக்கின்றன.

நேராக அலுவலகம். குளிர்பெட்டியைத் திறந்து ஆட்டை வெளியே எடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன்.

உயிரோடு இருக்கும்போது கடிபட்டால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துப்போகும். செத்த பிறகு கடித்தால் வெறும் ஓட்டைதான். கழுத்துத் தோலை உரித்தேன். நான்கு ஓட்டை. சுற்றிலும் சதை வெளேரென்று இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் கட்டவில்லை. அது கொன்ற கடி இல்லை, கவ்வி இழுத்த கடி. பின்தொடையை உரித்தேன். கன்னங்கரேலென்று. வாலடியிலும் அப்படியே. துரத்தித் துரத்திக் கிழித்த கடிகள்.

நாய்.

நாய் கொன்று போட்டிருக்கிறது, சிறுத்தை வந்து சாப்பிட்டிருக்கிறது. மூன்று தடவையும் அப்படித்தான் இருக்கும்.

இதோடு நின்றிருந்தால் தேவலை. பின்பக்கக் கடி எல்லாவற்றிலும் மேல்வரிசையில் ஒரே ஒரு கோரைப்பல்தான் பதிந்திருக்கிறது. அக்கா மகளின் காவல் நாய், நான் மந்திரி என்று கூப்பிடுவது, போன வருஷம் இரும்புக் கதவைக் கடித்து மேல் கோரைப்பல் ஒன்றை உடைத்துக்கொண்டது.

தோலைச் சுருட்டிக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

தீவனம் கலந்துகொண்டிருந்தாள். சொன்னேன். தலை நிமிரவில்லை.

"தெரியும் மாமா. மொத நாளே அது வாயெல்லாம் ரத்தம். நான்தான் துணிய நனைச்சுத் துடைச்சு விட்டேன். சொல்லிடலாம்னுதான் வேலிகிட்ட வந்தேன். அதுக்குள்ள நீங்க அத தொண்ணூறு கிலோவுக்கு வளத்துட்டீங்க."

அறிக்கையைத் திருத்தப்போகிறேன் என்றேன். ஆட்டைக் கடித்த நாயைப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் விட்டுவைப்பார்களா என்று கேட்டாள். மாட்டார்கள். எனக்கும் தெரியும். அந்தச் சிறுத்தை நமக்கு என்ன உறவு, இவன் என் கட்டிலுக்குக் கீழே தூங்குகிறவன் என்றாள். குட்டி இரண்டு இருக்கிறது, தாய் போனால் ஒரு வாரம் தாங்காது என்றேன். கரண்டி கொஞ்ச நேரம் நின்றது.

"எழுதுறதுன்னா எழுதிக்குங்க. என் கையெழுத்து கிடையாது."

திருத்தத்துக்கு உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பழைய அறிக்கைதான் செல்லும். விதி அவளுக்கும் தெரியும் — மூன்று படிவம் நிரப்பியவள்.

மந்திரி அவள் காலடியில்தான் படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலாட்டியது. சனியன்.

மார்ச் 13, வெள்ளி

ஐந்தரைக்கு அலுவலகம். உரித்த தோலை ரேஞ்சர் மேஜையில், டீ டம்ளரை நகர்த்திவிட்டு, உள்பக்கம் தெரிய விரித்தேன். வெள்ளையையும் கறுப்பையும் காட்டினேன். அவர் தோலை விட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். யாராவது வந்து பேசிவிட்டார்களா என்று கேட்டார்.

"யாரும் பேசல சார். நான்தான் அதிகமாப் பேசிட்டேன்."

எடையை அளக்கவில்லை, ஆண் என்பதற்கு ஆதாரம் இல்லை, தோலை உரிக்கவே இல்லை — எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் படிவத்தைத் திருப்பி, காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தார். இது இல்லாமல் உத்தரவை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை என்றார். வெளியே துப்பாக்கிக்காரர் ஜீப்பில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். மணி ஆறாக எட்டு நிமிடம். ஜீப் கிளம்பினால் குறுக்கே படுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மிகையில்லை. நல்ல சட்டையைக் கழற்றலாமா என்றுகூட யோசித்தேன்.

ஸ்கூட்டர் சத்தம். அவள். உள்ளே வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. நாயை என்ன செய்வீர்கள் என்று ரேஞ்சரைக் கேட்டாள். ஆடே இல்லாத இடத்தில், கட்டிப்போட்டு வளர்க்க யாராவது பொறுப்பெடுத்தால் சரி, இல்லாவிட்டால் தன் கையில் இல்லை என்றார்.

இதுவரை ஒரு செடிக்குக்கூட ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றாத நான் கையைத் தூக்கினேன்.

துப்பாக்கிக்காரர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, டீ இருக்குமா என்று கேட்டார்.

மார்ச் 16, திங்கள்

என் அறிக்கைகளில் இனி ரேஞ்சரும் கையெழுத்திடுவார். எடை என்ற கட்டத்தை நான் நிரப்பக்கூடாதாம். பால்காரர் பால் ஊற்றும்போது சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

மார்ச் 25, புதன்

ஒற்றை அறை, ஒற்றை ஜன்னல், அதில் மந்திரி. என் செருப்பில் இடது கால் முடிந்தது. பண்ணைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் ஓடை வரை போய்வந்தேன். மூன்று தடம். சின்னவை இரண்டும் கொஞ்சம் பெருத்திருக்கின்றன.

திரும்பி வந்தால் வீட்டு வாசலில் அவளுடைய ஸ்கூட்டர். வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மந்திரி சங்கிலியோடு அவள் மடியில் பாதி ஏறியிருந்தது. நான் தெருமுனைக்கே திரும்பிப் போய், பெட்டிக்கடையில் ஒன்றும் வாங்காமல் அரை மணி நேரம் நின்றேன். வந்தபோது கிளம்பிக்கொண்டிருந்தாள். வண்டியை எடுத்துவிட்டு, பிறகு நிறுத்தினாள்.

"தண்ணி அழுக்கா இருக்கு மாமா. மாத்தி வைங்க."

மாற்றி வைத்தேன்.