நூறு மூச்சுக்குள் ஒரு குடம்

இன்று காலை சாரல் தொடங்கிவிட்டது. பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது முதல் தூறல் முகத்தில் பட்டது. மண்வாசனை வரும் என்று தெருமுனையிலேயே நின்றேன். வரவில்லை. நனைந்த சிமெண்டின் வாசனைதான் வந்தது. மேலகரத்தில் எங்கள் தெருவில் இப்போது வாசலெல்லாம் டைல்ஸ், தெரு முழுக்கக் கான்கிரீட். ஐந்து நிமிடத்தில் எல்லா வீட்டுத் தண்ணீரும் வாசல் சரிவில் இறங்கி ஓட ஆரம்பித்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கைபேசியை எடுத்து உன் பெயரைத் தேடிவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகியும் இந்தக் கைக்குப் புத்தி வரவில்லை.

வீட்டுக்கு வந்து உன் பச்சைக் குடத்தைத் துடைத்து வைத்தேன். நேற்று அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு காரியம் செய்தேன். உன்னிடம் சொல்லாமல் அது எனக்குச் செரிக்காது. வீட்டில் நான் ஒருத்திதான், வேறு யாரிடம் சொல்ல?

நம் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. நீ வீட்டு வரைபடம் போட்டுக்கொடுக்கிறவள், என்ஜினியர். நான் பேரூராட்சியில் அந்த வரைபடங்களைச் சரிபார்த்து, வீடு முடிந்ததும் நிறைவுச் சான்றுக்குக் கையெழுத்துப் போடுகிறவள். எல்லோருடைய வரைபடத்திலும் மூலையில் மழைநீர்க் குழி என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு தடவை வரைந்ததை எல்லா வீட்டுக்கும் ஒட்டிக்கொள்வார்கள். கட்டி முடித்ததும், மாடித் தண்ணீரைக் குழிக்கு இறக்குவதுபோல் சுவரில் ஒரு பைப்பைச் சாய்த்து வைத்து போட்டோ எடுப்பார்கள். போட்டோ முடிந்ததும் பைப் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். நீதான் ஒருநாள் என் மேசையில் இரண்டு போட்டோவைப் போட்டாய். வீடு இரண்டு, பைப் ஒன்று. பைப்பின் கழுத்தில் அதே சுண்ணாம்புக் கறை.

"இந்தப் பைப்புக்கு ஊரெல்லாம் சொந்தக்காரங்க போல மேடம். எல்லா வீட்டு விசேஷத்துக்கும் போயிட்டு வருது" என்றாய்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அந்தக் கோபத்தோடேயே உன்னுடன் ஒரு வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, இந்தக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாய். மூச்சு இழுத்து விட்டால் ஒன்று. நூறு மூச்சுக்குள் தண்ணீர் போய்விட்டால் அந்த வாசல் பாஸ். உன் சட்டம் அவ்வளவுதான். காலேஜில் சொல்லிக்கொடுத்த கணக்கெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் கொத்தனாருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் குடம்தான் புரியும் என்பாய்.

அப்புறம் என் ஸ்கூட்டரின் பின்சீட்டு உன்னுடையதாகிவிட்டது. மடியில் குடத்தை வைத்துக்கொண்டு வருவாய். ஒவ்வொரு வேகத்தடையிலும் அது என் முதுகில் இடிக்கும். நான் எண்ணினால் உனக்குப் பொறுக்காது. மாடிப்படி இறங்கி வந்த இளைப்போடு எண்ண ஆரம்பித்தால், "ஏட்டி, நீ இப்படி மூச்சு வாங்குனா ஆத்து மணலும் ஃபெயிலாயிரும். மெதுவா எண்ணு" என்று என் தோளில் தட்டுவாய். மேடம் எப்போது ஏட்டியானது என்று எனக்கு நினைவில்லை. என்னை அப்படிக் கூப்பிட இப்போது யாருமில்லை.

வளைகுடாவில் இருக்கும் வீட்டுக்காரர்களோடு நீ வீடியோ காலில் மல்லுக்கட்டியதையும் நினைத்துக்கொள்கிறேன். ஒருத்தர் வாசலில் மண்ணே தெரியக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். "இங்கன எல்லா வீடும் அப்படித்தான் இருக்கு" என்று கேமராவைத் திருப்பிக் காட்டினார். நீ சிரித்துக்கொண்டே, "அங்கன மழை எப்பவாச்சும்தான் அண்ணாச்சி. நீங்க மலையடிவாரத்துலல்லா வீடு கெட்டுதீங்க" என்றாய். கடைசியில் கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் இடைவெளி விட்ட கல், மிச்சமெல்லாம் மண் என்று ஒப்புக்கொண்டார். திரும்பும் வழியில் குற்றாலத்தில் டீ குடித்தோம். அருவிக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்து, "மேல விழுத தண்ணிக்கு வரிசையில நிக்காங்க. அதே தண்ணி வாசல்ல நின்னா ஒனக்குப் போன் போடுதாங்க" என்றாய். சித்திரையில் இதே ஊரில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் நீ இன்னும் அரைமணி நேரம் பேசுவாய்.

அதன்பிறகு நான் செய்த துரோகம். அந்த வார்த்தையை இப்போதுதான் எழுதுகிறேன்.

கட்டட விதிகளில் நம் ஊருக்கென்று சில சேர்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தபோது, நீ ஒரே பக்கத்தில் எழுதிக்கொடுத்தாய். மனையில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணாகவே இருக்க வேண்டும். மாடித் தண்ணீர் தெருவுக்கு வரக்கூடாது, தோட்டத்துக்கோ குழிக்கோதான் போக வேண்டும். மூன்றாவதாக, ஆய்வாளர் நேரில் போய்க் குடம் ஊற்றிப் பார்த்த பிறகுதான் நிறைவுச் சான்று. முதல் இரண்டையும் அப்படியே தட்டச்சு செய்தேன். மூன்றாவதை எடுத்துவிட்டு 'புகைப்படம் இணைக்க வேண்டும்' என்று போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து எண்ணவேண்டியவள் நான்தானே என்ற அலுப்பு. அவ்வளவுதான் காரணம்.

தீர்மானத்தை நீ அறிவிப்புப் பலகையில் படித்துவிட்டு வந்தாய். சத்தம் போடுவாய் என்று நினைத்தேன். "பைப்புக்கு மறுபடியும் சோலி கெடைச்சிட்டு" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகும் பேசினோம், சிரித்தோம், பெருநாளைக்குப் பிரியாணி வந்தது. ஆனால் என் பின்சீட்டில் நீ ஏறவேயில்லை. உன் வேலைக்கு ஆட்டோவில் போனாய்.

நோய் தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசிச் சாயங்காலம் உன் பக்கத்தில் நான் இருந்தேன். நீ கண்ணைத் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். வாய் வரவில்லை. உன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நூறு ஆனதும் கேட்டுவிடுவது என்று எனக்கு நானே ஒரு கெடு. நாற்பத்தொன்றில் நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாள். மறுபடி உள்ளே விடவில்லை. மறுநாள் ஐப்பசி மழையில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம்.

நாற்பதாம் நாளுக்கு வந்தபோது உன் வீட்டு வாசலைப் பார்த்தேன். துபாயை விட்டு ஒரேயடியாக வந்துவிட்ட உன் வீட்டுக்காரர், நீ மருதாணியும் கறிவேப்பிலையும் வைத்திருந்த இடம் முழுக்கச் சிமெண்டு போட்டு டைல்ஸ் ஒட்டியிருந்தார். அன்றைக்கு அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை. கிளம்பும்போது குடத்தைக் கையில் கொடுத்தார். "உங்க ரெண்டு பேரு குடம்லா, தங்கச்சி" என்றார்.

அந்த ஐப்பசியில் தண்ணீர் கடைகளுக்குள் ஏறியதால் விதிகளைத் திருத்தப் பேரூராட்சி மன்றம் மறுபடி கூடியது. உன் மூன்றாவது வரியை எழுத்து மாறாமல் சேர்த்து வைத்தேன். ஓர் உறுப்பினர் எழுந்து, "இனிமே அம்மா குடத்தத் தூக்கிட்டு வீடு வீடா வருவாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வருவேன் என்றேன். அவர் கடையிலும் முழங்கால் தண்ணீர் நின்றிருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. உன் வாசலும் ஒருநாள் என் மேசைக்கு வரும் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

வந்தது. உன் வீட்டுக்காரர் மாடியில் ஓர் அறை கட்டியிருக்கிறார். சான்று இருந்தால்தான் அதற்கு மின் இணைப்பு. மனுவோடு ஒரு போட்டோ. உன் வீட்டுச் சுவரில், கழுத்தில் சுண்ணாம்புக் கறையோடு அதே பைப். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன்.

நேற்று போனேன். போட்டோவைக் காட்டிக் கேட்டபோது அவர் விழித்தார். எல்லாம் மேஸ்திரி எடுத்ததாம். வாசலில் குடத்தைக் கவிழ்த்தேன். தண்ணீர் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு நேரே தெருவுக்குப் போனது.

"அண்ணாச்சி, இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

"அவ வீட்டுக்கேவா, தங்கச்சி?"

"அவ வீட்டுல போட்டேன்னா, இனி எந்த வீட்டுலயும் குடத்த எறக்க எனக்கு மூஞ்சி கெடையாது."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "அவ ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே அவ வச்ச செடி ஒவ்வொண்ணா வாடிட்டு. எனக்குத் தண்ணி ஊத்தத் தெரியல. பாக்க முடியாம மூடிட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு அவள அடக்கும்போது மழை ஊத்தித் தள்ளுச்சு. குழியில தண்ணி நின்னுருமோன்னு பதறிக்கிட்டே நின்னேன். ஒரு சொட்டு நிக்கல. இந்த ஊரு மண்ணப் பத்தி அவ சொன்னது அப்பந்தான் எனக்கு வெளங்குச்சு" என்றார்.

பின்பக்கம் போய்க் கடப்பாரை எடுத்துவந்தார். மருதாணி நின்ற இடத்தில் நான்கு டைல்ஸைப் பெயர்த்து, சிமெண்டை உடைத்து, ஒரு சாண் தோண்டினார். நான் இரண்டாவது குடத்தை ஊற்றினேன். குழிப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். மூச்சு தாறுமாறாக வந்தது. "மெதுவா எண்ணுங்க, தங்கச்சி" என்றார் அவர். உன்னிடமிருந்து கேட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

நாற்பத்தொன்றைத் தாண்டினேன். ஐம்பத்தெட்டில் தண்ணீர் போய்விட்டது. அடியில் ஈரச் செம்மண் தெரிந்தது. உன் வீட்டுக்காரர் "போயிட்டு, போயிட்டு" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. வெறும் குழியைப் பார்த்துக்கொண்டு நூறு வரை எண்ணி முடித்தேன். முடித்ததும், அன்று கேட்காததைக் கேட்டேன். அவருக்குக் கேட்டிருக்காது.

கையெழுத்து இன்னும் போடவில்லை. ஐந்தில் ஒரு பங்கு மண் திறந்ததும் போடுவேன். இந்த வாரமே உடைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாளை செங்கோட்டை ரோட்டில் ஒரு வீடு. குடத்தைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போகலாம், தாராளமாக இடமிருக்கிறது. நான் காலடியில்தான் இடுக்கிக்கொள்கிறேன். கால் ஊன்ற வசதியில்லைதான். பரவாயில்லை.