நல்ல மேசை மேல்வீட்டுக்குப் போனது

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஆடியது. மகள் எழுந்து நின்று கணினியில் தட்ட ஆரம்பித்ததும் மேசை கிடுகிடுவென்று நடுங்கியது. தம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. கணினித் திரை தலையை ஆட்டுகிறது, அவள் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவது மாதிரி.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனைப் பிடித்துக்கொண்டு பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது, தேதியும் அதுவே போட்டுக்கொள்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் கண்டபடி எழுதுகிறதாம். அதனால் வானொலியில் செய்தி வாசிப்பவன் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். எழுதியதை நான் படிக்க முடியாது, மகளுக்குப் படிக்க நேரமில்லை. ஆகவே மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம்: நல்ல மேசை என் தம்பி வீட்டுக்குப் போய்விட்டது.

ரெண்டு பெட்டி வந்தது. ஒரே கடை, ஒரே நாள். என் மகளும் தம்பி மகனும் சேர்ந்து வாங்கினார்கள், ஜோடியாக எடுத்தால் விலை குறைவு என்று. இருக்கிறதிலேயே மலிவான ரகம். பொத்தானை அழுத்தினால் ஏறும், இறங்கும். மகளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு, கொஞ்ச நேரம் உட்கார், கொஞ்ச நேரம் நில் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் இது. ரெண்டு பெட்டியும் படிக்கட்டடியில் கிடந்தன. நான் சட்டை மாட்டிக்கொண்டு போவதற்குள், மேல்வீட்டிலிருந்து தம்பி இறங்கிவந்து ஒன்றின் மேல் கையை வைத்துவிட்டான். "இது எங்களுக்கு இருக்கட்டும்ணே."

ஏன் அதை எடுத்தான்? அதில் என்ன கண்டான்?

மார்ச் 4, புதன்

காலண்டர் அட்டையை நாலாக மடித்து மேசைக் காலுக்கு அடியில் சொருகினேன். ஆட்டம் அப்படியே இருக்கிறது. அட்டைதான் போயிற்று.

மார்ச் 6, வெள்ளி

மகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. கணினியில் முகம் பார்த்து ஆட்களிடம் பேச வேண்டும். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இன்று மேலதிகாரி அம்மாள் எல்லாரும் கேட்கிற மாதிரியே கேட்டுவிட்டாள்: "என்னம்மா, உங்க வீட்ல மட்டும் நிலநடுக்கமா?" நாலைந்து பேர் சிரித்தார்கள். மகளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு. அப்புறம் அந்த அம்மாள் சொன்னதுதான் விஷயம். படம் இப்படியே ஆடினால் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட முடியாது, ஆபீசுக்கு வந்துவிடு என்கிறாள். ஆபீசுக்கு ரெண்டு பஸ் மாற வேண்டும். அந்த முதுகை வைத்துக்கொண்டு இவள் ஒரு பஸ்ஸில் ஏறி இறங்குவதே பாடு.

மகள் மேசைத் திருகாணிகளையெல்லாம் மறுபடி முறுக்கினாள். உட்கார்ந்த உயரத்தில் மேசை சாது. நிற்கிற உயரத்துக்கு ஏறியதும் குடித்துவிட்டு வந்தவன் மாதிரி தள்ளாடுகிறது. நான் அதற்கு ஆட்டக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் படிக்கட்டில் தம்பியைப் பார்த்தேன். "உங்க மேசை எப்படிடா?" என்றேன். "எங்களுது ஒண்ணும் பண்ணலையேண்ணே" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? எரிந்தது.

மார்ச் 8, ஞாயிறு

மகள் வெளியே போயிருந்தாள். ஒரு காரியம் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

நான் பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிப்ட் ஓட்டியவன். பழைய லிப்ட் சில நேரம் தரைமட்டத்துக்கு வராமல் ஒரு சாண் கீழேயே நின்றுவிடும். வெறும் லிப்டை மேலே கீழே மேலே கீழே என்று ஓட்டினால் சொன்னபடி வந்து உட்காரும். இதுவும் ஏறி இறங்குகிற சாமான்தானே? பொத்தானில் விரலை வைத்தேன். ஏற்றினேன், இறக்கினேன், ஏற்றினேன். பழைய வேலைக்குப் போன மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது. ஏதோ கருகுகிற வாசனை வந்தது. ஆட்டக்காரி உச்சியில் போய் நின்றுவிட்டாள். இறங்க மாட்டேன் என்கிறாள்.

ஜன்னலைத் திறந்து வாசனையை விரட்டினேன்.

மார்ச் 9, திங்கள்

காலை முழுக்க என் பிள்ளை நின்றுகொண்டே வேலை பார்த்தாள். மேசை இறங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி.

"என்னப்பா பண்ணீங்க இத?"

"நான் ஏன் கண்ணு அதத் தொடப்போறேன்?"

என்னைப் பார்த்தாள். கணினியைத் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி மகன் வெளியூர் வேலையாகப் போயிருக்கிறான், அவன் மேசை சும்மாதான் கிடக்கிறது. சாயங்காலம் வந்து, இறங்கு பொத்தானை ரொம்ப நேரம் அழுத்திப் பிடித்ததும் நம் மேசைக்கு உயிர் வந்துவிட்டது. நானும் சந்தோஷப்பட்டேன். அவள் சொன்னாள்: "நாளைக்கும் சித்தப்பா வீட்லயே பாத்துக்கறேம்பா. அங்க பரவால்ல."

பரவால்லயாம்!

விளக்கணைத்த பிறகு மேலே தரதரவென்று எதையோ இழுக்கிற சத்தம். கனமான சாமான். பெண் வந்து வேலை பார்க்கிறாள் என்றதும் துரை வீட்டை மாற்றி அமைக்கிறார் போலிருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

"கல்லு மாதிரி நிக்குதுப்பா." மகள் சொன்னது. வேறு ஒன்றும் இன்று சொல்வதற்கில்லை.

மார்ச் 12, வியாழன்

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் சிரிப்பு, அப்புறம் அவன் இருமிக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு. இங்கே நான் எதிரில் உட்கார்ந்திருந்தபோது, "அப்பா, கொஞ்சம் சத்தமில்லாம இருங்க" என்பாள். அங்கே மட்டும் எப்படிச் சிரிப்பு வருகிறது?

லிப்டில் நின்ற காலத்தில் யார் எந்த மாடியில் இறங்குவார் என்பதை திரும்பிப் பார்க்காமலே சொல்வேன். செருப்புச் சத்தம் போதும். ஒருத்தரும் என் மனதிலிருந்து இறங்கிப் போகவில்லை. தம்பியும் அதே கட்டடத்தில்தான், ஆறாவது மாடியில் பியூன். சின்ன வயதில் வீட்டில் ஒரே ஒரு நல்ல கால்சட்டை இருந்தது, அது அவன் அளவுக்குச் சரியாக இருந்தது, அவன் பள்ளிக்கூடம் போனான். அஞ்சாவது வரைக்கும். கையெழுத்துப் போடத் தெரிந்ததால் அவனுக்கு உட்கார ஒரு முக்காலி கொடுத்தார்கள். நான் அவனைத் தினமும் ஆறாவது மாடிக்கு ஏற்றிவிட்டு நின்றபடி கீழே வந்தேன். "வரேண்ணே" என்பான். ஒரு நாள்கூட அவன் அதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. எனக்கு அதுவும் பிடிக்காது.

இப்போதும் மேலேதான் இருக்கிறான். கால்சட்டை, முக்காலி, இப்போது மேசை. அடுத்தது என் மகள்.

மார்ச் 14, சனி

கேட்டே விட்டேன். "கண்ணு, ரெண்டு மேசையையும் மாத்திக்கலாமே. உன் அண்ணன்தான் ஊர்ல இல்லையே."

"ரெண்டும் ஒண்ணுதாம்பா. ஒரே கடை, ஒரே மாடல்."

"அப்ப இது மட்டும் ஏன் ஆடுது?"

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "நீங்களே ஒரு நாள் மேல வந்து பாருங்களேம்பா."

நான் போக மாட்டேன். அவன் பெருமையடிக்க நான் படியேறிப் போக வேண்டுமா?

மார்ச் 17, செவ்வாய்

போனேன்.

மகள் வங்கிக்குப் போயிருந்த நேரம். கதவு திறந்தே இருந்தது. தம்பி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். "வாங்கண்ணே, வாங்க" என்றான், ஏதோ மந்திரி வந்த மாதிரி. நான் நேராக உள் அறைக்குப் போனேன்.

மேசையின் ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் தம்பியின் கட்டில். அவன் கல்யாணத்துக்கு வாங்கிய தேக்குக் கட்டில், முன்பு ஜன்னலோரம் கிடந்தது. அதன் தலைமாட்டுப் பலகை மேசைத் தூணை நெட்டிப் பிடித்திருக்கிறது. நடுவில் போர்வையை மடித்து வைத்திருக்கிறான், கீறல் விழாமல். கட்டில் நகராமல் இருக்க அதன் மேல் இரும்புப் பெட்டி, தையல் மெஷின், கட்டுக்கட்டாகப் பழைய புத்தகம். ஈ உட்கார இடமில்லை.

மேசையைப் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை.

"எங்கடா படுக்கிற நீ?"

"ஹால்லதாண்ணே. பாய விரிச்சு."

"அந்த முட்டிய வச்சுக்கிட்டா?"

"படுக்கறதெல்லாம் சுலபமாத்தான் இருக்கு. காலைல எந்திரிக்கத்தான் கதவு, நாற்காலி, கடவுள் எல்லாத்தையும் கூப்பிட வேண்டியிருக்கு." சிரித்தான். "பையன் இத ஒரு நாளும் நிக்கற உசரத்துக்கு ஏத்தினதே இல்லண்ணே. பாப்பா வந்து ஏத்துனப்பதான் தெரிஞ்சுது, இதுவும் உங்க வீட்டு ஆட்டக்காரிக்குத் தங்கச்சின்னு."

ஆட்டக்காரி என்ற பெயரையும் அவனிடம் சொல்லிவிட்டிருக்கிறாள்.

அவன் கொடுத்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 18, புதன்

தூக்கம் வரவில்லை. அவன் முட்டியை நினைத்து என்று சொல்லிக்கொள்ளலாம். நிஜம் அது இல்லை. எனக்கு ஏன் அது தோன்றவில்லை? நான்தானே அப்பன்? அவள் எதிரில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான். கட்டில் எனக்கும் இருக்கிறதே!

மார்ச் 20, வெள்ளி

என் கட்டிலை இழுத்துக்கொண்டுபோய் ஆட்டக்காரிக்குப் பக்கத்தில் சேர்த்தேன். இரும்புக் கட்டில், உள்ளே வெறும் குழாய். ஒரு ஆள் ஒற்றைக் கையால் இழுக்கலாம். மேசையை உலுக்கினால் கட்டிலும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகிறது. மேலே அடுக்க என்னிடம் கனமான சாமான் எதுவும் இல்லை. அதனால் நானே ஏறி உட்கார்ந்தேன். அவன் பெட்டியை வைத்தான். நான் என்னையே வைக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

தம்பி மகன் புதன்கிழமை திரும்பி வருகிறான். அவன் மேசை அவனுக்கு வேண்டும். வியாழக்கிழமை மகளிடம் பெரிய அதிகாரிகள் பேசுகிறார்கள், நிரந்தரமா இல்லையா என்று அன்றைக்குத்தான் முடிவு. அரைமணி உட்காருவதே அவளுக்குக் கஷ்டம். பேச்சு எவ்வளவு நேரம் போகும் என்று தெரியாது. நின்றுதான் ஆக வேண்டும். இங்கே, இந்த மேசையில்.

பத்து நாளைக்கு முன்பு இதைக் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். இன்று பயமாக இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

ஒத்திகை பார்த்தோம். நான் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன், அவள் நின்று தட்டினாள். ஆட்டம் பாதி குறைந்தது. மீதிப் பாதி அப்படியே.

"நல்லா அழுத்தி உக்காருங்கப்பா."

"இதுக்கு மேல எப்படிக் கண்ணு அழுத்தறது?"

"நீங்க எட பத்தலப்பா" என்றாள். சிரித்தாள். இங்கே, என் எதிரில் சிரித்தாள். ஆனால் சிரித்துவிட்டு மேலே கூரையைப் பார்த்தாள். அவள் யாரை நினைக்கிறாள் என்று எனக்கா தெரியாது?

மார்ச் 26, வியாழன்

அவன் வந்தான். கக்கத்தில் தலையணை.

"பாப்பா வரச் சொல்லுச்சு" என்றான்.

"நான் சொல்லல" என்றேன்.

"நீங்க எப்பண்ணே சொல்லியிருக்கீங்க? தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன். அவன் என்னைவிடப் பருமன். உட்கார்ந்ததும் கட்டில் முனகிவிட்டு அடங்கியது. மகள் மேசையைப் பிடித்து உலுக்கினாள். தம்ளரில் தண்ணீரை ஊற்றி வைத்தாள். ரெண்டு பேருக்கும் எதிரில் விரலைக் காட்டி, "இருமக் கூடாது, பேசக் கூடாது, சண்டை போடக் கூடாது" என்றாள். கேமராவில் நாங்கள் தெரிய மாட்டோம்.

பேச்சு நீண்டுகொண்டே போனது. நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலை இல்லை. பாதியில் தம்பிக்கு முட்டியில் பிடித்துக்கொண்டது. முகம் கோணியது. எழுந்து நடந்தால் சரியாகிவிடும், எழுந்தால் மேசை ஆடும். அவன் எழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தான். நெரித்தான் என்றே சொல்லலாம். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மேலதிகாரி அம்மாள் குரல்: "இப்ப வேற மேசையா?"

"அதே மேசைதான் மேடம். கொஞ்சம் முட்டுக் குடுத்திருக்கேன்."

நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டோம். பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

மார்ச் 27, வெள்ளி

"அன்னிக்கு ஏண்டா பாய்ஞ்சு வந்து அந்தப் பெட்டிய எடுத்த?" என்று கேட்டேன்.

"அதோட ஓரம் நசுங்கிக் கெடந்துச்சுண்ணே. பாப்பாவுக்கு நல்லது போகட்டும்னு."

இதைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. இதில்கூட என்னை விட்டுவைக்கவில்லை பாருங்கள்.

மார்ச் 31, செவ்வாய்

நிரந்தரம் ஆகிவிட்டது. இனி வீட்டிலிருந்தே பார்க்கலாம். போனை வைத்துவிட்டு மகள் நின்றபடியே மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். மேசையும் அவளோடு சேர்ந்து ஆடியது. கட்டிலில் அப்போது யாரும் இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

இப்போதெல்லாம் தம்பி தினமும் காலை பத்து மணிக்கு வந்து கட்டிலில் உட்காருகிறான். அவன் தேக்குக் கட்டில் ஜன்னலோரத்துக்குத் திரும்பிவிட்டது. நானும் அவனும்தான் இழுத்துப் போட்டோம். மகள் அவனைத் தலைமாட்டுப் பக்கம் உட்காரச் சொல்கிறாள், அங்கே எடை இருந்தால்தான் பிடிக்குமாம். எனக்குக் கால்மாடு. அது இன்னும் உறுத்துகிறது.

இன்று பத்து மணி ஆகியும் ஆளைக் காணவில்லை. கொஞ்சம் பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில்தான் ஞாபகம் வந்தது, இன்று ஞாயிறு, மகளுக்கு வேலை இல்லை, முட்டும் வேண்டாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கிவிடலாமா? பாதி ஏறியவன் மீதியையும் ஏறினேன்.

நான் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமண்ணே."

"தெரியும்டா."

அவன் குளித்து, தலை சீவி, சட்டை போட்டுக்கொண்டு, கக்கத்தில் தலையணையோடு நின்றிருந்தான். அதிலும் எனக்கு முந்திவிட்டான்.