பீரோ மேல் ஒரு சர்வர்

செப்டம்பர் 8, திங்கள்

பரத் அண்ணன் மறுபடியும் அழித்துவிட்டான். நான் சேர்த்து வைத்த கணக்குப் பாட வீடியோ முழுவதும். "இடம் இல்லடி, கேம் இறங்க மாட்டேங்குது." வீட்டில் எல்லாருக்கும் ஒரே போன். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு எதற்குப் பாடம் என்று அவனுக்கு எண்ணம். பத்தாவது தனித்தேர்வு எழுதப் போகிறேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்; அதற்குப் பயந்தே நின்றேன். கணக்கு நன்றாகவே வரும்.

யாரும் அழிக்க முடியாத இடம் வேண்டும். நானே செய்வேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மண்ணூர்பேட்டை காயலான் கடையில் கிடைத்தது. ஏதோ ஆபீஸில் கழித்த கம்ப்யூட்டர், டிபன் பாக்ஸ் அளவு. உள்ளே காற்றாடியே கிடையாது. ட்யூப்லைட் இழுப்பதில் கால்வாசி கரண்ட் போதும்.

"இத வச்சி இன்னாம்மா பண்ணப் போற?"

"சர்வர்."

"எந்த ஓட்டல்ல?"

சிரிக்கட்டும். பாடத்தை வைத்திருந்து கேட்டபோது பரிமாறும் கம்ப்யூட்டருக்கும் சர்வர் என்றுதான் பேர். கடைக்காரரிடம் நானே பேசினேன்!

செப்டம்பர் 16

ஓடுகிறது. பெட்டியைப் பீரோ மேல் வைத்து, போன் நெட்டில் பாடமெல்லாம் மறுபடி இறக்கிவிட்டேன். பெட்டியின் வைஃபை வழியாகப் போனில் பார்க்கிறேன். இப்போ எதை அழிப்பான்?

செப்டம்பர் 19, வெள்ளி

அப்பா விழித்துக்கொண்டார். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில்தான் படுப்பார். இருப்பதோ ஒரே அறை. பெட்டி சத்தமே போடவில்லை, அதில் மாட்டிய பழைய ஹார்ட் டிஸ்க் சுற்றுவதில் இரும்பு பீரோவே உம்ம்ம் என்கிறது.

"கம்பெனில ராத்திரி பூரா தகடு அடிக்கிற பிரெஸ்ஸு டமால் டமால்னுது. ஊட்லயும் மெஷினா? இன்னொரு தபா கேட்டுச்சு, வந்த கடைக்கே போயிரும்."

நான் பெட்டியை எடுக்கவில்லை.

செப்டம்பர் 20

அறுந்த ஹவாய் செருப்பைத் துண்டு துண்டாக வெட்டி டிஸ்குக்கு அடியில் கொடுத்தேன். பீரோவில் காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை! அப்பா மத்தியானம் வரை தூங்கினார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பூஜைக்காக பீரோவைத் துடைத்த அம்மா பார்த்துவிட்டாள். பீரோ கதவில் முருகர் படம். "அடிப்பாவி, சாமி தலைக்கு மேல செருப்பா!" கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு அதைவிடக் கோபம். "மெஷின செருப்பு மேல ஒக்கார வைப்பியா? நாளைக்கு ஆயுத பூஜை. தூக்கு அத்த!"

"தூக்க மாட்டேன்."

நானா சொன்னேன்? நான்தான்.

"செருப்ப எடுத்தா சத்தம் வரும். நீ முழிச்சிக்குவ. கடைக்குப் போடுன்னுவ. என் படிப்பு அதுலதான் கீதுப்பா. தூக்க மாட்டேன்."

பரத்கூடச் சிரிக்கவில்லை.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

கம்பெனி பூஜை முடிந்து அப்பா பொரிப் பையோடு வந்தார். இன்னொரு பையில் தடியான கறுப்பு ரப்பர். பிரெஸ் அதிராமலிருக்க அடியில் வைப்பது, கழித்துப் போட்டதாம். "செருப்ப எடு. இத்த வை." மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினேன். சத்தமில்லை.

சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். "நிறுத்து. பூஜையன்னிக்கு எந்த மெஷினும் ஓடக்கூடாது."

"பாடம் இறங்கிக்கினு கீது. நிறுத்த மாட்டேன்."

பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காத்து போற ஓட்டை எந்தப் பக்கம்?"

காட்டினேன். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, ஓடும்போதே பொட்டு வைத்தார்.