இருபத்தேழாம் விளக்கு

நிலாக் குடியிருப்பு, தெருவிளக்குப் பதிவேடு
எழுதுபவன்: இசக்கிமுத்து

இரவு நாள் 3, 09:10
சூரியன் வர இன்னும் பதினொரு நாள். அதுவரை பேட்டரிதான் கதி. வெளித்தெரு விளக்குகள் ஆள் அசைந்தால் எரியும், அசைவு நின்றால் அணையும். அணையும்வரை காத்திருக்கும் நேரத்தை மூன்று நிமிடத்திலிருந்து இருபது நொடியாகக் குறைத்தேன். மின்செலவு பாதியாகிவிட்டது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

இரவு நாள் 4, 16:30
குழாய் பழுதுபார்க்கும் சலோமி அக்கா வானொலியில் கூப்பிட்டார். "தம்பி, குனிஞ்சு ஸ்பேனரைப் பிடிக்கிறதுக்குள்ள லைட்டு அணைஞ்சிருது. கொஞ்சம் கூட நேரம் எரிய விடு." கையை ஆட்டினால் எரியுமே அக்கா என்றேன். குழாய்க்கு டாட்டா காட்டவா வந்தேன் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நேரத்தைக் கூட்டவில்லை.

இரவு நாள் 6, 10:40
விளக்கு 27 எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. தெருவில் யாரும் நடக்கக் காணோம். சென்சார் கோளாறு. சனியன், காலையிலிருந்து உயிரை வாங்குகிறது.

10:52
27-ஐக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே நிறுத்திவிட்டேன். இன்றைய சேமிப்பு 53 விழுக்காடு.

15:05
ஷிப்ட் முடிந்து எண்ணியதில் ஓர் ஆள் குறைகிறது. சலோமி அக்கா.

17:20
கிடைத்துவிட்டார். 27-க்கு அடியில், குழாய்ப் பள்ளத்தில். கால் முறிந்து, வானொலி உடைந்து கிடந்தார். தேடுவண்டி அந்த இருட்டை இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறது. உயிர் இருக்கிறது. வலது கையுறையின் வெளியுறை கிழிந்து விரல்கள் உறைந்ததில் மூன்றை எடுக்க வேண்டுமாம்.

இரவு நாள் 7, 08:00
பதிவைப் புரட்டினேன். நான் நிறுத்துவதற்கு முன் 27 முப்பத்தொரு முறை எரிந்திருக்கிறது. முப்பத்தொரு முறை கையை ஆட்டியிருக்கிறார். சொல்லிக்கொடுத்தவன் நான்தான். விளக்கு தானாகப் பழுதாகி அணைந்தது என்று நினைத்து, சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரும் அதைத் திட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். தூ, என்ன பிறவி நான்.

இரவு நாள் 9, 11:15
மருத்துவ அறையிலிருந்து அக்கா பேசினார். "நீ சொன்ன மாதிரி கையை ஆட்டிக்கிட்டே கெடந்தேன் தம்பி. நீ பாத்தேன்னா ஓடி வந்துருவேன்னு தெரியும். அதுக்குள்ள பாழாப்போன பல்பு போயிருச்சு. அப்படித்தானே?"

ஆமாக்கா, பல்புதான் என்றேன்.

11:40
27-இன் பல்பு பழுது, மாற்றியாயிற்று என்று பழுதுக் கணக்கில் எழுதிவிட்டேன். கழற்றிய பல்பு என் மேசையில். மாட்டிப் பார்த்தேன், நன்றாகவே எரிகிறது.

12:05
காத்திருப்பு நேரம் மறுபடி மூன்று நிமிடம். இப்போது கூட்டி யாருக்கு

12:06
இதைப் படிக்கிறவர்கள் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.