கண்ணோரப் பட்டை

அன்புள்ள நைனா,

உன் மகள் பட்டணத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலையில் எனக்கு ஆபரேஷன். மூளைக்கு அடியில், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது. பயமாக இருக்கிறது, நைனா. எழுத்து வரிக்கு வரி கோணிக்கொண்டு போகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கிறுக்கியிருந்தால் நானே காதைத் திருகியிருப்பேன்.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் என் கை பெருத்தது, கால் பெருத்தது, தாடை முன்னுக்கு வந்தது. ஆம்பிளை அளவுக்கு என்னிடம் சரக்கு கிடையாது என்று வளையல்காரர் கேலி பேசினார். நீ ஆவடியில் குதிரை வண்டி ஓட்டியதைப் பார்த்தவர்களெல்லாம், "ஜட்காக்காரர் மூஞ்சி அப்டியே உன்கிட்ட வந்துகிச்சும்மா" என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். உன் முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். அது நோய் என்று யாருக்குத் தெரியும்?

பிறகு நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு ஓரத்துப் பிள்ளைகள் என் கண்ணில் படாமல் போனார்கள். அவர்கள் கையைத் தூக்கினாலும் எனக்குத் தெரியாது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். கோவில்பதாகை ரோட்டில் பட்டாளத்து லாரி ஒன்று என் முந்தானையை உரசிக்கொண்டு போன அன்றுதான் என் வீட்டுக்காரர் வலுக்கட்டாயமாக இங்கே கூட்டிவந்தார். அவரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு நடந்த கல்யாணம். பெயர் கன்னியப்பன், ஆவடி பட்டாளத்து ஷெட்டில் வேலை.

டாக்டர் எனக்கு எதிரே உட்கார்ந்து, தன் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். இரண்டு பக்கத்திலிருந்தும் விரல்களை மெல்ல உள்ளே கொண்டுவந்தார். "தெரிஞ்சா சொல்லும்மா." விரல்கள் அவர் காதுக்குக் கிட்டே வந்த பிறகுதான் சொன்னேன். நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது, இரண்டு ஓரமும் இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன். "குதிரைக்குக் கண்ணோரத்துல தோல்பட்டை கட்டுவாங்களே, அந்த மாதிரி கீது, டாக்டர்."

சொன்ன மாத்திரத்தில் உன் ஞாபகம் வந்தது.

கடைசி வருஷம் நீ வண்டியை மைல்கல்லில் உரசினாய். பூந்தமல்லி ரோட்டில் ஒரு கூடைக்காரியைத் தள்ளிவிட்டாய். தலை வலிக்கிறது என்று மத்தியானமே வந்து படுத்தாய். "அண்ணாத்தே பகல்லியே ஏத்திகினு வருதுடா" என்று ஜட்கா ஸ்டாண்டில் சிரித்தார்கள். சவாரி குறைந்தது. நீ குடிக்கவே குடிக்காதவன் இல்லை, தீபாவளிக்குத் தீபாவளி குடிப்பாய். அதனால் நானும் நம்பிவிட்டேன். ஒரு நாள் ஸ்டேஷன் வாசலில் எல்லார் முன்னாலும், "வாயை ஊது நைனா" என்றேன். நீ குனிந்து என் முகத்தில் ஊதினாய். வெற்றிலை வாசனை வந்தது. நான் அத்தோடு விட்டேனா? "வாடை தெரியாம இருக்க வெத்தலை போட்டுகினியா?" என்று கேட்டேன்.

அடுத்த வாரம் குதிரைக்குப் புல் வாங்கத் தண்டவாளத்தைத் தாண்டினாய். ஒரு லைனில் சரக்கு வண்டி நீராவி விட்டுக்கொண்டு நின்றது. அந்த இரைச்சலில், மறு லைனில் வந்து உன்மேல் மோதிய மெயில் ரயில் உனக்குக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் கண் எங்கே போயிற்று, போதையில்தான் போய் விழுந்தான் என்று ஊர் பேசியது. பாடையைத் தூக்கும்போதும் பேசியது. நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கும் ஓரம் தெரியாமல்தான் இருந்ததா, நைனா? ஏன் யாரிடமும் சொல்லவில்லை? இல்லை, நீ சொல்லி நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லையா?

டாக்டரிடம் கேட்டேன். "நான் பார்க்காத ஆளைப் பத்தி உறுதியா எப்படிம்மா சொல்றது?" என்றார். ஆனாலும் உன் கை எப்படி இருக்கும், செருப்பு அளவு மாறியதா என்று விசாரித்தார். கடைசி வருஷம் நீ செருப்பு பத்தாமல் அதன் பின்வாரை அறுத்துவிட்டுப் போட்டுக்கொண்டதைச் சொன்னேன். அவர் மெல்லத் தலையை ஆட்டினார்.

மூளைக்கு அடியில் எலும்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதாம். பார்க்கச் சேணம் போல இருப்பதால் பெயரும் அதுவேதான். ஜட்காக்காரன் மகளுக்கு விளக்கவா வேண்டும்? அந்தச் சேணத்தில் உட்கார்ந்த கட்டிதான் என் கை, கால், தாடையைப் பெருக்க வைத்ததாம்; இப்போது மேலே எழும்பி, கண் நரம்புகளை நசுக்குகிறது. விட்டால் முழுக் குருடுதான்.

அங்கே போக இரண்டு வழி. நெற்றி எலும்பைத் திறந்து, மூளையைத் தூக்கிப் பிடித்து எட்டுவது ஒன்று. மேலுதட்டுக்கு உள்பக்கம் கீறி, மூக்குக்குப் பின்னால் உள்ள எலும்பை உளியால் உடைத்து, கீழிருந்து போவது இன்னொன்று. மேலே இடம் தாராளம், ஆனால் மூளை தாங்க வேண்டும். கீழே தூரம் குறைவு, ஆனால் குறுகல், இருட்டு. மூக்கின் அழுக்கு உள்ளே போய்ச் சீழ் பிடித்தால் பிழைப்பது கஷ்டம். டாக்டர் கீழ்வழி என்கிறார், நானும் சரி என்றுவிட்டேன். இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "விரல் விட்டு எண்ணிடலாம்மா" என்றார். அவர்கள் எல்லாரும் வீடு திரும்பினார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"மூக்கு வழியா மண்டைக்குள்ள போவாங்களா? இன்னாமே இது?" என்று வராந்தாவில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார் என் வீட்டுக்காரர். அப்புறம் எழுந்து வந்து, "பயந்துக்காதேமே, நான் வாசல்லியே கீறேன்" என்றார்.

கண் போய்விடுமோ, உயிர் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். நான் எழுந்திருக்காவிட்டால் உன்னைப் பற்றி எடுத்துச் சொல்ல ஆளே இருக்காதே என்ற பயம் மறுபக்கம். அதனால்தான் இதை எல்லாருக்கும் புரிகிறபடி பெரிய எழுத்தில் எழுதினேன். பிழைத்தால் நானே ஆவடி ஸ்டேஷன் வாசலில் நின்று படிப்பேன். கண் போயிருந்தால் மனப்பாடமாகச் சொல்வேன். நான் வராவிட்டால் என் வீட்டுக்காரர் காகிதத்தைக் கொண்டுபோய் ஜட்கா ஸ்டாண்டில் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்வார். சத்தியம் வாங்கிவிட்டேன்.

நீ ஊதியபோது வெற்றிலை வாசனை மட்டும்தான் வந்தது, நைனா. அதை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் முகத்தை வாங்கிக்கொண்ட மகள்
தனலட்சுமி